போபோடிக்கு வந்த புது லைன்

சிவப்பு எனாமல் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறினால் எனக்குப் பசி எடுக்கும். சிரிக்காதீர்கள், உண்மைதான். போன மாதம் பூனாவில் பாணேர் பக்கம் தங்கை மகளின் அடுக்குமாடி வீட்டில் சில நாள் இருந்தேன். எல்லாரும் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபின் அங்கே பேச ஆளில்லை. டீ குடிக்கக் கீழே இறங்கினேன். ரோட்டின் நடுவே தகரத் தட்டி அடைத்து மெட்ரோ வேலை நடக்கிறது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண், முக்காலியில் நிறுத்திய கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து ஓரக்கல்லில் பிரஷ்ஷால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். காற்று அந்த வாசனையை என் பக்கம் தள்ளியது. டீயோடு இரண்டு வடாபாவ் தின்றேன். டாக்டர் ஒன்றுக்கே அனுமதி தரவில்லை.

நானும் ஒரு காலத்தில் இதே ஊரில் இதே கோட்டை இழுத்தவன். எண்பதுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கோவில்பட்டியில் தீக்குச்சி அடுக்கி, பம்பாயில் தட்டுக் கழுவி, கோலாப்பூர் கரும்பாலையில் சக்கை அள்ளி, ஒரு மழைக்காலத்தில் பூனா ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். சில நாள் பிளாட்பாரத்தில் படுத்தேன். பிறகு கட்கியில் ஒரு டயர் கடையின் பரண் கிடைத்தது. ரப்பர் நாற்றம் பழகிவிட்டால் அது நல்ல பரண்தான். மழை ஒழுகாது.

அந்த டயர் கடைக்காரர்தான் என்னை ஒரு சர்வே ஆபீஸில் சேர்த்துவிட்டார். நகரத்துக்குள்ளிருந்து கட்கி, போபோடி வழியாகச் சிஞ்ச்வட் வரை ஒரு லைட் ரயில் போட முடியுமா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலகுவான சின்ன ரயில், தெருவோரமாகவே போகும், அடிக்கடி நிற்கும். இதை இவ்வளவு தெளிவாக இப்போது சொல்கிறேன். முதல் வாரம் முழுக்க, லைட் என்கிறார்களே, கரண்டுக் கம்பம் நடத்தான் அளக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டயர் கடைக்காரரிடம், "சேட், பரணுக்கும் ஒரு பல்பு போட்ருவாங்க" என்று உறுதி வேறு கொடுத்திருந்தேன்.

என் வேலை அளவுக் கட்டையை நட்டுக்குத்தாகப் பிடித்து நிற்பது, சங்கிலியைத் தூக்குவது, சொன்ன இடத்தில் சிவப்புக் கோடு போடுவது. சில நாள் ரோட்டோரம் உட்கார்ந்து போகிற வண்டிகளை எண்ணச் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பூனாவில் சைக்கிளை எண்ணுவது மழைத்துளியை எண்ணுவது மாதிரி. ஷிப்டு விடும்போது போங்கா ஊதும். ஃபேக்டரி சங்குக்கு அங்கே அதுதான் பெயர். ஊதிய மாத்திரத்தில் கேட்டிலிருந்து சைக்கிள்கள் ஆறு உடைத்தாற்போல் வரும். ஒரு சைக்கிளில் அழகான பெண் போனால் பின்னால் வந்த பத்துப் பன்னிரண்டு என் கணக்கில் சேராமலே போய்விடும். அதனால் என்னை எண்ணும் வேலையிலிருந்து சீக்கிரமே எடுத்துவிட்டார்கள்.

எடுத்தவர் சுமன் தாயி. மராத்தியில் தாயி என்றால் அக்கா. போபோடியில் இருந்த எங்கள் தமிழ்ப் பெண்களின் காதில் அது தாய் என்று விழுந்து, "கல்யாணமே ஆவல, அதுக்குள்ள தாயா?" என்று வாய்பொத்திச் சிரிப்பார்கள். சுமன் தாயிக்கு முப்பது வயது இருக்கும். எஞ்சினியர். காட்டன் புடவையைச் செருகிக்கொண்டு, கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டு, ஒரு மொபெட்டில் வருவார். கருவிக்குள் அவர் பார்க்கும்போது கட்டையை ஒரு மயிரிழை சாய்த்தாலும் அங்கிருந்தே கையை அசைப்பார். திட்டியதில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. அதுவரை எனக்கு வேலை சொன்னவர்கள் எல்லாரும் அம்மாவை இழுத்துத்தான் சொன்னார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஸ்டாப்பை வரைபடத்தில் குறிக்கும் முன் மண்டிக்குப் போய் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கி இரண்டு பை நிறைப்பார். இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, அந்த இடத்திலிருந்து சுற்றியுள்ள சந்துகளுக்கு நடப்பார். கை எங்கே வலித்து பையைக் கீழே வைக்கிறாரோ, அதற்கு அப்பால் இருக்கும் வீடுகளுக்கு அந்த ஸ்டாப் உதவாது. ஆபீஸில் மற்றவர்கள், "தாயி, இன்றைக்கு ரயிலில் என்ன கூட்டு?" என்று கேலி செய்வார்கள். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வட்டத்தை அழித்து அரை அங்குலம் தள்ளிப் போடுவார். அந்த வெங்காயம் முழுக்க எங்களைப் போன்ற கட்டை பிடிப்பவர்களுக்கு வந்து சேரும். நான் என் பங்கை ஞானம் அக்காவிடம் கொடுத்துவிடுவேன்.

ஞானம் அக்கா போபோடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தார். வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள். எங்கள் ஆட்களுக்கு அவை லைன். பழைய லைன், கிணத்து லைன், மாதா கோயில் லைன். அக்காவுக்கு ஆற்காடு பக்கம். மூன்று பிள்ளைகள். கட்கி கன்டோன்மென்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. மத்தியானம் வந்து எங்களைப் போன்ற தனிக்கட்டைகளுக்குச் சோறு போடுவார். கையில் ஒட்டிய பெயிண்ட் போகாமலே உட்கார்ந்து அவருடைய ரசத்தைப் பிசைந்து தின்பேன். வாசனைக்கும் பசிக்கும் முடிச்சு விழுந்தது அங்கேதான்.

அவர் புருஷன் நெஞ்சுச் சளியில் செத்துப்போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகளின் பரீட்சை முடியும் வரை வீட்டில் இருக்கலாம் என்று ஃபேக்டரியில் கருணை காட்டியிருந்தார்கள். பரீட்சை முடியப்போகிறது, வீட்டைக் காலி செய்ய வேண்டும். சிஞ்ச்வட்டில் வேலை செய்த அவருடைய பெரியப்பா மகன், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கோலி பார்த்து வைத்திருந்தார். கோலி என்றால் ஒற்றை அறை, தண்ணீர் வெளியே. ஒரு பொம்பளை மூன்று பிள்ளைகளோடு இருக்க அது போதும். நாங்கள் எல்லாரும் அதை நினைத்து நிம்மதியாக இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை சோறு போடும்போது அக்கா கேட்டார்.

"தம்பி, அந்த ஷூ போட்ட அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். புது லைன்ல எனக்குக் கோடி வூடா குடுக்கச் சொல்லு. நடுவூடு வேணாம், வெளிச்சம் வராது."

எனக்குப் புரியவில்லை. "என்ன வீடு அக்கா?"

"இன்னாப்பா, தெரியாதமாரி கேக்கற? போன மாசம் உங்க ஆபீஸ் பசங்க வந்து, நயி லைன் ஆ ரஹி ஹை, புது லைன் வருதுன்னு சொல்லி, வூட்ல எத்தினி பேரு, எங்க வேலைக்குப் போறீங்கோன்னு எழுதிக்கினு போனாங்களே."

"அக்கா, அது ரயில் லைன்."

"ரயிலுக்கு இன்னாத்துக்கு என் வூட்ல எத்தினி பேருன்னு கேக்கணும்?"

கேள்வி நியாயமானது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அக்கா ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"சிஞ்ச்வட் கோலிய வேணாம்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டனே. நாளைக்குக் காலைல வேற ஆளுக்கு சாவி குடுக்கறாங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் தட்டில் ரசம் ஊற்றினார். ஊற்றியது தட்டில் பாதி, தரையில் பாதி.

நான் கை கழுவாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். சுமன் தாயி போபோடிக் கணக்கை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கித்தான் உட்கார்ந்திருந்தார். அந்த லைன்களில் மட்டும் வீட்டுக்கு வீடு ஆட்கள் குவிந்திருந்தார்கள். பெரிய குடும்பத்துக்குப் பெரிய வீடு கிடைக்கும் என்று எல்லாரும் ஊரில் இருக்கும் மச்சான், கொழுந்தன், ஓடிப்போன தம்பி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறார் என்று வேறு சேர்த்திருக்கிறார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் பக்கத்து மேஜையில் இருந்த பெரிய எஞ்சினியர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "விடு சுமன். கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் நமக்குத்தான் நல்லது. அந்த ஸ்டாப் உறுதி" என்றார்.

"வராத மச்சான்களுக்காக நான் பெட்டி இணைக்க முடியாது சார்" என்றார் சுமன் தாயி. அதற்குள் மொபெட் சாவி கையில் இருந்தது.

லைன் முழுக்கத் தண்ணீர்க் குழாயடியில் கூடியது. அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். வீடு கட்டவில்லை, ரயில்தான், அதுவும் வரலாம், வராமலும் போகலாம், எங்கள் ஆபீஸ் ஆட்கள் சரியாக விளக்கவில்லை, தப்பு எங்களுடையது. ஒரு எஞ்சினியர் எங்கள் ஆட்களின் முன்னால் நின்று தப்பு எங்களுடையது என்று சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

பிறகு பெயிண்டர் செல்வராஜ், எப்போதும் வாய் சும்மா இருக்காத ஆள், தலையைச் சொறிந்தான்.

"அப்ப நான் எழுதிக் குடுத்த மூணு மச்சானுங்கள இன்னா பண்றது?"

"சோத்தப் போட்டு ஊருக்கு அனுப்பு" என்றாள் அவன் பெண்டாட்டி.

"ஏய், அதுல ஒருத்தனுக்கு டெல்கோ ஃபேக்டரில வேலையே வாங்கிக் குடுத்துட்டேன்டி!"

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அன்று கல் பறந்திருக்கும். ஆனால் ஞானம் அக்கா சிரிக்கவில்லை. சுமன் தாயி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோலி விஷயத்தை என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்காவிடம் இந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "காலையில் வருகிறேன், தயாராக இருங்கள்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மொபெட் வந்துவிட்டது. ஞானம் அக்கா அதுவரை எந்த வண்டியின் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. ஒரு பக்கமாக ஏறி, சுமன் தாயியின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "ஏசப்பா" என்றார். வண்டி கிளம்பியது. நான் சைக்கிளில் பின்னால் மிதித்தேன். முளா ஆற்றுப் பாலம் வரை அவர்கள் கண்ணில் பட்டார்கள். பிறகு எதிர்க்காற்று என்னைப் பிடித்துக்கொண்டது.

வழியில் நடந்ததை அக்கா பிறகு சொன்னார். அக்கா பயத்தில் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து, சுமன் தாயி பேச்சுக் கொடுத்திருக்கிறார். வரைபடத்தில் இருந்த ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாகக் கையை நீட்டிக் காட்டினாராம். பெயர் இன்னும் வைக்கவில்லை, அங்கங்கே இருந்ததையே நாங்கள் பெயராகச் சொல்வோம். இது ஆலமரம். இது ரஸ்வந்தி. கரும்புச்சாறு கடைக்கு அங்கே அதுதான் பெயர், ஆலைச் சக்கரத்தில் சலங்கை கட்டியிருப்பார்கள். இது போங்கா. ஏறுகிறவர்கள் எங்கே நிற்பார்கள், மழைக்குக் கூரை எப்படி இருக்கும், பிள்ளையை இடுப்பில் வைத்தவள் ஏற எவ்வளவு தாழ்வாகப் படி. "எனக்கு இந்தி பாதிதான் புரிஞ்சிது. ஆனா கண்ணத் தொறந்துட்டேன்" என்றார் அக்கா.

நான் போய்ச் சேரும்போது எனக்கு மூச்சு வாங்கியது. கோலியின் சொந்தக்காரர், தொப்பி போட்ட ஒரு மராத்திக் கிழவர், வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். சாவி வாங்க வேண்டிய வேறு ஆள் குளித்துவிட்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாராம். நேற்று வேண்டாம், இன்று வேண்டுமா என்று கிழவர் சத்தம் போட்டிருக்கிறார். சுமன் தாயி லைன் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். செல்வராஜின் மச்சான்கள் வரும் இடத்தில் கிழவருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, இருமலோடேயே சாவியை நீட்டிவிட்டாராம். உள்ளே எட்டிப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்பு அடித்த வெறும் அறையில் அந்த இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து பேப்பரில் போஹா, நம்மூர் அவல் உப்புமா, தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த வாரம் லைனில் மறுபடி கணக்கெடுத்தோம். மச்சான்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். கூட்டம் குறைந்ததால், புது வரைபடத்தில் போபோடிக்குப் போட்ட வட்டம் இல்லை. சுமன் தாயி காய்ப் பைகளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துகளில் மறுபடியும் மறுபடியும் நடந்ததைப் பார்த்தேன். வட்டம் திரும்ப வரவில்லை. பிறகு ரயிலே வரவில்லை. பணமில்லை என்றார்கள், ஆபீஸை மூடினார்கள். வரைபடங்களைச் சுருட்டும்போது அவர் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி நூல் கட்டினார். நான் நாக்பூர் பக்கம் போய்விட்டேன். அவரை அதன்பிறகு பார்க்கவில்லை.

ஞானம் அக்காவை மட்டும் பூனா வழியாகப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஆயா வேலைக்குத் தினமும் சிஞ்ச்வட்டிலிருந்து பஸ்ஸில் கட்கிக்கு வருவார். ஒரு முறை அவரோடும் பிள்ளைகளோடும் பஸ்ஸில் போனேன். கடைக்குட்டி தூங்கி என் மேல் விழுந்தது. அக்கா அதன் முதுகில் தட்டினார். "ஏய், ரஸ்வந்தி தாண்டிட்சி, அடுத்தது ஆலமரம், எழுந்துரு." பிள்ளைகள் மூன்றும் அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டன. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தே அவை வளர்ந்தன. ஓடாத அந்த லைனின் எல்லா ஸ்டாப்பையும் அறிந்து தினமும் அதில் போய்வந்தவர் அவர் ஒருவர்தான்.

ரோட்டை அகலப்படுத்தும்போது ஆலமரம் போயிற்று. கரும்புச்சாறு கடை இருந்த இடத்தில் மொபைல் ஷோரூம். போங்கா ஊதி எத்தனையோ வருஷம். கிணத்து லைனும் மாதா கோயில் லைனும் இடிபட்டு, லைன் என்றால் வீடு என்று சொன்னவர்களும் சிதறிவிட்டார்கள். அக்காவும் போய்ச்சேர்ந்துவிட்டார். பாணேரிலிருந்து ஊருக்குக் கிளம்பும் முன் சிஞ்ச்வட்டில் இருக்கும் அவர் மகளைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் கண்டக்டரிடம், என்ன தோன்றியதோ, "வடாச்ச ஜாட், ஏக்" என்றேன். ஆலமரம், ஒன்று.

அப்படி ஒரு ஸ்டாப் எங்கே இருக்கிறது என்று மராத்தியில் கேட்டார். சின்னப் பையன், பொறுமையாகத்தான் கேட்டார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். சிஞ்ச்வட்டுக்கே ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டேன்.