முகட்டில் விழுந்த தொப்பி

தன்னைக் கொன்றிருக்கக்கூடியவனுக்கே ஒருத்தி கைதட்டிவிட்டுப் போனால், அந்தக் கைதட்டலை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பது? காத்து அண்ணனின் வாழ்க்கை கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

மணல்மேடுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் அவர். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கனத்த வண்டி. மணலில் இறங்குமுன் டயரின் காற்றைக் குறைத்தாக வேண்டும். அப்போதுதான் டயர் பரந்து, புதையாமல் போகும். மற்றவர்கள் கருவி வைத்து அளப்பார்கள். அவர் சீறலைக் காதால் கேட்டே நிறுத்திவிடுவார். பெயர் அதனால் வந்தது. மேதை என்றெல்லாம் சொல்வதற்கில்லை. மணலுக்குப் பயந்தார், அந்தப் பயத்தை மதித்தார். அவ்வளவுதான்.

ஐம்பதைத் தாண்டியதும் கண்ணில் புகை படர ஆரம்பித்தது. காலையிலும் மாலையிலும் மேடுகளின் நிழல் கைகொடுத்தது. உச்சி வெயிலில்தான் தொல்லை. நிழல் செத்துப்போய், மணல் முழுக்க வெளுத்த துணியை விரித்த மாதிரி கிடக்கும். ஏற்றம் எங்கே முடிகிறது, இறக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முகட்டை நேராகக் கடக்காமல் சாய்வாகக் கடந்தால் வண்டி உருண்டுவிடும்.

வைத்தியரிடம் போனால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவர் போகவில்லை. பதிலாக ஒரு தந்திரம் செய்தார். ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தி, "எல்லாரும் மேல ஏறி நில்லுங்க, வண்டி பாஞ்சு வர்றதைப் படம் புடிக்கலாம்" என்பார். பயணிகள் குதூகலமாக ஏறி முகட்டில் வரிசையாக நிற்பார்கள். மங்கலாகத் தெரியும் அந்த உருவங்கள்தான் அவருடைய முகடு. வரிசைக்கு வலப்பக்கமாக வண்டியை ஏற்றி இறக்கிவிடுவார். படங்கள் ஊரெல்லாம் பரவின. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பின்னால் இரண்டாவது வண்டி ஓட்டி வந்தவன் மனைவியின் தம்பி.

"என்ன மாமா, டிரைவர் வேலையை விட்டுட்டு போட்டோ ஸ்டுடியோ வச்சிட்டீங்களா?"

"ஏன் மாப்ளே, வயிறு எரியுதா? உன் வண்டியில ஏறுறவங்க கண்ணை இறுக்க மூடிக்கிட்டு சாமி கும்பிடுறாங்க. அவங்க எங்க படம் எடுக்க?"

அன்றும் உச்சி வெயில்தான். பயணிகள் மேலே ஏறி நின்றார்கள். வரிசையைப் பார்த்துக்கொண்டு, வலப்பக்கம் குறிவைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தார். முகட்டைத் தாண்டும்போது மணல் அலறுவது போல ஒரு சத்தம் கேட்டது. இறங்கி நின்றதும் கைதட்டல். ஒரு பெண் தலையெல்லாம் மணலாக, சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். அவள் கையில் சக்கரம் ஏறி நசுங்கிய தொப்பி.

"அண்ணா, சூப்பர்! நூலிழையில போனீங்க! இன்னொரு தடவை பண்ணுவீங்களா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவரால் பொறுக்க முடியவில்லை.

பின்னால் வந்த மைத்துனன் இறங்கி நேராக அவரிடம் வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"மாமா, அந்தம்மா எங்க நின்னாங்க?"

"வரிசையிலதான்."

"வரிசையை விட்டு நல்ல படத்துக்காகத் தள்ளி வந்துட்டாங்க மாமா. உங்க வண்டிக்கு நேர் முன்னால நின்னாங்க. அவங்களே குதிச்சதால பொழச்சாங்க."

வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம் மட்டும் சொன்னான்.

அந்தப் பெண் எடுத்த படத்தை முதலாளி பெரிதாக்கி அலுவலகச் சுவரில் மாட்டினார். படம் முழுக்க வண்டி, ஓரத்தில் காற்றில் பறக்கும் தொப்பி. கீழே, 'எங்கள் ஓட்டுநரின் துல்லியம்' என்று எழுதியிருந்தது.

மனைவி அவரைக் கண் வைத்தியரிடம் இழுத்துப்போனார். வைத்தியர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "வெறும் கண்புரைதான். சின்ன ஆபரேஷன். கொஞ்ச நாள்ல பழையபடி ஓட்டலாம்" என்றார்.

வெளியே வந்ததும் மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஏங்க, இவ்வளவு சின்ன விஷயத்தையா இத்தனை நாள் மூடி மறைச்சீங்க?"

பெரிய வியாதியாக இருந்திருந்தால் அவருக்குப் பழியைச் சாத்த ஒரு சுவராவது கிடைத்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

ஆபரேஷன் நாளில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு வெளி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மைத்துனன் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான், திருப்பித் தர. நர்ஸ் வந்து, "அடுத்து நீங்கதான், வாங்க" என்றாள்.

அவர் எழுந்தார். உள்ளே போகவில்லை. சுவரைக் கையால் தடவித் தடவி, படி இறங்கி, தெருவுக்குப் போனார்.

"ஏங்க! எங்க போறீங்க?"

மறுநாளிலிருந்து வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்களின் டயர்களுக்குக் காற்றைக் குறைத்துக் கொடுத்தார். மனைவி கேட்டார், மைத்துனன் கெஞ்சினான், முதலாளி திட்டினார். பார்வை முழுதாகப் போன பிறகும், அந்தக் கைதட்டலுக்குத் தான் கட்டும் தண்டம் இது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.