அக்காவின் பல்செட்டும் நான் சொல்லாமல் விட்டதும்

அக்கா நம்மைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. “சித்தி, நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும். அம்மாவ ஒங்களவிட யாருக்குத் தெரியும்?” என்று அக்காவின் மகன் குமரன் கேட்டபோது உடனே சரி என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அக்காவைப் பற்றி உண்மையாக எழுதுவதென்றால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும் என்று புரிந்தது.

அக்கா செந்தூலில், ரயில்வே பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். நாங்கள் ஐவர். அவர் மூத்தவர், நான் கடைசி. அம்மா சீக்காளி என்பதால் அக்கா பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். இருபத்திரண்டு வயதில் அவருக்கு ஈறு நோய் வந்தது. மேல்வரிசைப் பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பல்செட்டு கட்டினார்கள். அதற்கான பணத்தைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டி முடித்தார்.

ஒரே அறையில் படுத்த எனக்குத்தான் அவர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று தெரியும். கழுவும்போது கைதவறி விழுந்தாலும் உடையக்கூடாதென்று பேசினில் தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்வார். பற்பசை போட்டால் கீறல் விழுமாம், சுடுதண்ணீர் பட்டால் நெளிந்துவிடுமாம். அதனால் சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும்தான். படுக்கப் போகும்போது மூடிபோட்ட கோப்பையில் தண்ணீரில் போட்டு வைப்பார்.

பெண் பார்க்க வருபவர்களிடம் இதைச் சொல்லக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா கேட்கவில்லை. முதலில் வந்தவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவர் கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்த அத்தான்.

“எனக்கு மேல்பல்லு எல்லாம் கட்டுனதுங்க. பின்னால தெரிஞ்சு நீங்க வருத்தப்படக்கூடாது.”

அத்தான், “சாப்பிடறதுக்குச் சிரமமா இருக்குங்களா?” என்று மட்டும் கேட்டார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

பண்டமாரானில் குடித்தனம், மூன்று பிள்ளைகள். குமரனுக்குப் பதினாறு வயதாகும்போது அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா கேன்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்து மூவரையும் படிக்க வைத்தார். யாரிடமும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகும்முன் பல்செட்டைக் கழற்றச் சொன்னார்கள். அவர் அதை டிஸ்யூவில் சுற்றி என் கையில் கொடுத்து, “பாப்பா, பத்திரம்” என்றார். நான் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தேன். காத்திருந்த நேரத்தில், சும்மா இருக்க முடியாமல், மேசையில் கிடந்த ரொட்டி உறை, காகிதக் கோப்பை, கசங்கிய டிஸ்யூ எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். துப்புரவுப் பணிப்பெண் வந்து தொட்டியைக் காலி செய்துகொண்டு போனார்.

மறுநாள் அக்கா பல்செட்டைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நான் வாய் திறக்குமுன் குமரன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மலாயில் சத்தம் போடத் தொடங்கிவிட்டான். அவர் இந்தோனேசியாக்காரர். “தாக் நம்பாக், பாக்” என்று, தான் பார்க்கவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நான் பேசாமல் நின்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டு, “அவங்கள விடு தம்பி. நான்தான் எங்கயோ போட்டுட்டேன்” என்றார்.

அதன்பின் ஆறு வாரம் அக்கா கஞ்சி மட்டுமே குடித்தார். பார்க்க வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடைப்பயிற்சிக்குக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அரசாங்கக் கிளினிக்கில் செலவு குறைவு, ஆனால் முறை வர மாதக்கணக்காகும் என்றார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தனியார் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன், செலவு என்னுடையது என்றேன். பிள்ளைகள் தாங்கள் தருவதாகச் சொல்லியும் நான் விடவில்லை. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

முதல் நாள் கிரேப் வாடகைக் காரில் போகும்போது சொல்லிவிட்டேன். “அக்கா, அந்த டிஸ்யூவ நான்தான் குப்பையில போட்டேன்.”

“தெரியும். அன்னிக்கே ஒன் மூஞ்சில எழுதி ஒட்டியிருந்துச்சி லா.”

“அப்பறம் ஏன் நீ பழியைப் போட்டுக்கிட்ட?”

“அவன் கோவக்காரன். ஒன்ன ஏதாவது சொல்லிட்டா நீ ஆயுசுக்கும் மறக்கமாட்ட.” என் கையைத் தட்டிக்கொடுத்தார். “ஆனா பாப்பா, அந்தப் பொண்ணுகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஈறு தேய்ந்துவிட்டதால் நாலைந்து தடவை வரவேண்டும் என்றார். அச்சு எடுத்து, மெழுகில் வைத்துப் பார்த்து, பிறகு புண்படுத்திய இடங்களைத் தேய்த்துச் சரிசெய்தார். “ஆன்டி, எப்படிக் கழுவுவீங்க?” என்று அவர் கேட்க, அக்கா பேசின், துண்டு எல்லாம் விவரித்தார். “இதை மத்தவங்களுக்கும் நீங்களே சொல்லணும் ஆன்டி” என்றார் டாக்டர்.

அக்கா அதைச் செய்தார். பெண் பார்க்க வந்தவர்களைத் தவிர ஐம்பது ஆண்டுகளாக வெளியில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைக் கோயிலில் பார்க்கும் பெண்களிடம் கூச்சமில்லாமல் பேசினார். கோலை ஊன்றிக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்தார். பேத்தியின் கல்யாணத்தில் வந்தவர்களை வாசலில் நின்று அவரே வரவேற்றார். சென்ற ஆண்டு நுரையீரல் காய்ச்சல் வந்து, ஒரு வாரத்தில், பிள்ளைகள் சுற்றியிருக்க அமைதியாகக் கண்மூடினார். குளிப்பாட்டிய பிறகு பல்செட்டைக் கழுவி நானே பொருத்தினேன்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், பல் டாக்டருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பண்டமாரான் அண்டைவீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்து நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொருவர் இருக்கிறார். அக்கா காரில் சொன்ன மறுவாரமே அந்த வார்டுக்குப் போய் விசாரித்தேன். துப்புரவுக் குத்தகை மாறி, பழைய ஆட்கள் போய்விட்டார்கள் என்றார்கள். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தமிழில் எழுதும் இது அவருக்குப் போய்ச் சேராது என்பதும் தெரியும். ஆனால் குமரா, நீ படிப்பாய். அந்தம்மா ஒரு தப்பும் செய்யவில்லை.