ஒன்பது டிரம்மும் கிழக்கே சூலமும்

பாய்க்கப்பலில் எஞ்சின் டிரைவராக இருப்பவன் காற்று அடிக்கிறவரை தண்டச்சோறு, காற்று நின்றுவிட்டால் கப்பலில் இருக்கிற அத்தனை உயிருக்கும் அவன்தான் ஜவாப்தாரி. இரண்டுக்கும் நடுவில் மரியாதை என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்து இழுவைப் படகுகளில் எஞ்சின் வேலை கற்று, கடைசியில் வண்ணாரப்பேட்டை மொத்த வியாபாரி ஒருவருடைய பாய்க்கப்பலில் சேர்ந்தேன். அவருக்குத் தெற்கத்திச் சீமை. எல்லோரும் அண்ணாச்சி என்போம். பட்டாளத்தார் கழித்துக்கட்டிய பழைய குரூடாயில் எஞ்சின் ஒன்றை வாங்கிக் கப்பலில் பொருத்தியிருந்தார்.

போக வேண்டியது அந்தமான், எழுநூறு மைலுக்கு மேல். மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காற்று இருக்கும்போதே கிளம்பினால் பாயே இழுத்துக்கொண்டு போய்விடும். புரட்டாசி பாதி தாண்டினால் காற்று சாகும், அதற்கப்புறம் புயல் வரும். ஒரு டிரம் குரூடாயிலுக்கு எஞ்சின் பதினோரு மணி நேரம் ஓடும், ஐம்பத்தைந்து மைல் போகும். என் கணக்கு ஒன்பது டிரம். துறைமுகத்தைவிட்டு வெளியேறவும் வழியில் காற்று அசந்தால் ஓட்டவும் மூன்று. அந்தமான் பக்கத்துப் பாறைகளுக்கு நடுவே பத்திரமாக நுழைய மூன்று. மிச்சம் மூன்று யாரும் தொடக்கூடாதது, ஆபத்துக்கு. இதைக் காகிதத்தில் எழுதி எல்லோருக்கும் காட்டினேன். மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கணக்குச் சொல்லியே தொண்டை வறண்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பர்மிட்

அப்போது பர்மிட் இல்லாமல் ஒரு சொட்டு குரூடாயில் கிடைக்காது. ஆனி மாசக் கடைசியில் மனு எழுதிப் போட்டேன். ஆடி முழுக்க அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் மாவு மில்காரர்கள், லாரிக்காரர்கள், ஒரு ஐஸ் பாக்டரிக்காரர். ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. வெளியே கொடிக்கம்பத்தில் கொடி கிழக்கே பார்த்துப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டிய காற்று அதுதான். அது தினமும் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஆவணி பிறந்து பத்து நாள் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். ஆபீசர் மனுவை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். காற்று எந்த மாசத்தில் நிற்கும், பாறை எங்கே இருக்கிறது என்று நான் மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். ஒன்பது டிரம்முக்கும் கையெழுத்துப் போட்டார், ஆனால் அது என் கைக்கு வர இன்னும் பதினைந்து நாள் ஆகும் என்றார். நான் எழுந்து நின்றபோது, உண்மையாகவே சந்தேகம் கேட்கிற தோரணையில் அவர் கேட்டார்: "பாய்க்கப்பல்னு எழுதியிருக்கீங்களே, அப்புறம் காத்து எதுக்கு இருக்கு?"

கப்பலுக்குப் பரஸ்தானம்

எண்ணெய் வந்து ஏறியது. சனிக்கிழமை நல்ல மேல்காற்று. கிளம்பலாம் என்றேன். அண்ணாச்சி பஞ்சாங்கத்தை எடுத்தார். சனிக்கிழமை கிழக்கே சூலம். திங்கட்கிழமையும் கிழக்கே சூலம். அந்தமான் கிழக்கே இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? வரும் வெள்ளிக்கிழமை காலை ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்தார். சரி, ஆறு நாள் போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் பாதிச் சரக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நான் ஒரு வழி சொன்னேன். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள் ஒரு துணி மூட்டையை அந்த நேரத்துக்கு வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள், பரஸ்தானம் என்பார்கள், பயணம் தொடங்கிய கணக்கு ஆகிவிடும். கப்பல் துணி ஒன்றைச் சுருட்டி டோல்கேட்டில் தெரிந்தவர் வீட்டில் வையுங்கள், சரக்கு முழுக்க ஏறியதும் ஒரேயடியாகப் போகிறோம் என்றேன். அண்ணாச்சிக்குத் துணி போதவில்லை. கப்பலையே நல்ல நேரத்தில் துறைமுகத்துக்கு வெளியே எடுத்து, எண்ணூர்க் கரைக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். மிச்சச் சரக்கு படகில் அங்கே வந்து ஏறுமாம். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். தினமும் மத்தியானம் கடல்காற்று அடித்தால் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கரைப்பக்கம் நகரும். தினமும் ஐந்தாறு மணி நேரம் எஞ்சினை ஓட்டிப் பிடித்து நிறுத்தினேன். போகவேண்டிய திசையில் ஒரு அடி போகாமல் இரண்டு டிரம் காலி. படகில் பார்க்க வந்த அண்ணாச்சியிடம் காலி டிரம்மைத் தட்டிக் காட்டினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மனுசனுக்குத் துணி பரஸ்தானம்வே. கப்பலுக்குக் கப்பல்தான்."

தொடக்கூடாத மூன்று

திங்கட்கிழமை காலையில் எண்ணெய் பீய்ச்சுகிற முனை ஒன்று அடைத்துக்கொண்டது. அதைக் கடைசல் பட்டறையில் சரிசெய்ய திருவொற்றியூருக்குப் போனேன். மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து ஏறினால், நான் பாய்மரத்தடியில் கயிறு போட்டுக் கட்டி, சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்த மூன்று டிரம்மையும் காணோம். அந்த இடத்தில் முப்பது டின் கடலை எண்ணெய், வரிசையாக, பளபளவென்று.

கப்பலை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். எங்கள் தண்டல் அந்தோணி, காசிமேட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயசு பெரியவர், நைனா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு நைனாவாவது மண்ணாவது. எவன் இறக்கினான் என்று கத்தினேன். அண்ணாச்சி ஆள் வந்தான், சரக்குக்கு இடம் போதவில்லை என்றான், அந்தமானில் கடலை எண்ணெய்க்கு நல்ல கிராக்கி என்றான், படகில் இறக்கிக் கொடுத்துவிட்டேன் என்றார் அந்தோணி. நான் இறங்கிப் போயிருக்கலாம். இறங்கினால் டிரைவர் இல்லாமலே போகக்கூடிய ஆட்கள் அவர்கள், கப்பலில் ஒரே வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் வேறு இருந்தார்கள், முழுகினால் ஒரே வீட்டில் இரண்டு சாவு. அதனால் இறங்கவில்லை. அந்தோணி என் காகிதத்தை எடுத்து என் கண்ணெதிரே நீட்டினார்: "நீதான மாமு எழுதிகீற, இந்த மூணையும் யாரும் தொடக்கூடாதுன்னு. தொடாத சாமானுக்குக் கப்பல்ல இன்னா வேலை?"

எத்தினி கீது

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். புரட்டாசி பிறந்து பத்து நாள். எட்டு நாள் ஏதோ இருக்கிற காற்றில் போனோம். ஒன்பதாம் நாள் காலையில் பாய் ஈரத்துணி மாதிரி தொங்கிவிட்டது. தண்டல் கணக்கில் இன்னும் இருநூற்றுத் தொண்ணூறு மைல். என்னிடம் நாலு டிரம், இருநூற்று இருபது மைல். தொடக்கூடாத மூன்று இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியதே இல்லை. குடிதண்ணீர் ஒன்றரைப் பீப்பாய். தெற்கேயிருந்து நீள நீளமான அலைகள் காற்றே இல்லாமல் வந்துகொண்டிருந்தன, வானம் செம்பு நிறத்துக்கு மாறியது. புயல் வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சாயங்காலம் எஞ்சினைக் கிளப்பினேன். அதிலிருந்து மணிக்கு ஒரு தரம் அந்தோணி தலை எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்க்கும். "எத்தினி கீது மாமு?" பத்தாவது தரம் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. நீ இறக்கிக் கொடுத்தது எத்தினி, அதை மொதல்ல சொல்லு என்று கேட்டேன். அவர் கோபிக்கவே இல்லை: "எண்ணெய் கணக்கெல்லாம் உன் டிபார்ட்மெண்டு மாமு, என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்குற?"

மாப்பிள்ளை விருந்து

பதினோராம் நாள் மத்தியானம் கடைசி டிரம் தீர்ந்தது. எஞ்சின் இரண்டு இருமல் இருமி நின்றது. எழுபது மைல் பாக்கி. அப்போது வந்த பயத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பயம் போனதும் ஆத்திரம் வந்தது, அந்த ஆத்திரத்தில் என் கண் டின்கள்மேல் போய் நின்றது. இந்த மாதிரி பழைய எஞ்சினுக்கு நாக்கு ருசி கிடையாது. தலையைப் பழுக்கக் காய்ச்சிவிட்டால் எதை ஊற்றினாலும் தின்னும் என்று இழுவைப் படகில் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். செய்து பார்த்ததில்லை.

அது அண்ணாச்சி சரக்கு, கை வைக்காதே என்று அந்தோணி டின்களுக்கு முன்னால் வந்து நின்றார். நான் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு முதல் டின்னை வெட்டினேன். என் வேட்டியில் வடிகட்டி ஊற்றினேன். எஞ்சின் தலையை ஊதுவிளக்கில் காய்ச்சிச் சக்கரத்தைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. குழாயில் வெள்ளைப் புகை, அந்தப் புகையில் பஜ்ஜி வாசனை. ஒரு டின்னுக்கு ஒரு மணி நேரம், நாலு மைல். அந்தோணி கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார், பிறகு அவரே அடுத்த டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் நாள் விடியும்போது கரை தெரிந்தது. நாங்கள் உள்ளே போய்க் கட்டிய மறுநாள் புயல் அடித்தது. ஒதுங்கின இடத்திலேயே இரண்டு கயிறு அறுந்தது. நடுக்கடலில் இருந்திருந்தால் ஏழு பேரில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டோம்.

அந்தோணி விலகின பிறகும் ஒருவர் மட்டும் என்னோடு சண்டை போட்டார். சமையல் செய்கிறவர். சரக்கைத் தொடக்கூடாது என்ற உத்தரவால் பத்து நாளாக வெறும் சோறும் வெங்காயமும் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் கரண்டியை நீட்டிக்கொண்டு கேட்டார்: "எனக்குத் தாளிக்க ஒரு சொட்டு குடுக்கல, இதுக்கு மட்டும் டின் டின்னா ஊத்துற. இது இன்னா எஞ்சினா, மாப்பிள்ளையா?"

வண்ணாரப்பேட்டையில்

எஞ்சின் வாயெல்லாம் கரி. கழற்றிச் சுரண்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. தை மாசம் வாடைக்காற்றில் மரம் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தோம். நானும் அந்தோணியும் அண்ணாச்சி கடைக்குப் போனோம். பதினெட்டு டின்னுக்கு ஏசுவார், ஏசட்டும், ஏசினால் அந்த மூன்று டிரம்மைப் பற்றி அத்தனை பேர் எதிரே கேட்டுவிடுகிறேன் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன்.

அவர் ஏசவில்லை. காப்பி வரவழைத்தார். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். காற்று நின்றது, டிரம் தீர்ந்தது, செம்பு நிற வானம், எல்லாம் சொன்னேன். ஏழு பேர் செத்திருப்போம் அண்ணாச்சி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த பஞ்சாங்கத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியளா, நல்ல நேரத்துல கெளம்புனதாலதான் ஏழு பேரும் தப்பிச்சிய. கடலை எண்ணெயிலயே ஓடுதுன்னா அடுத்த தடவ டிரம்மே வேண்டாமுல்லா, அந்த எடத்துலயும் டின்னே அடுக்கிருவோம்."

காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தவன், இன்றைக்கு அதே வண்ணாரப்பேட்டையில் ஒரு மாவு மில்லில் எஞ்சின் ஓட்டுகிறேன், ஏனென்றால் இங்கே எண்ணெய் தீர்ந்தால் சூலம் எந்தப் பக்கம் இருந்தாலும் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம்.