மல்லாந்த தூக்கம்

பணிமனையில் அவருக்கு இன்ஜின் என்று பெயர். பேருந்து ஓட்டுவதால் வந்ததல்ல, குறட்டையால் வந்தது. ஓட்டுநர் ஓய்வறையில் குறட்டை விடாதவர்கள் குறைவு. ஆனால் அவருடையதில் ஜன்னல் கண்ணாடி அதிரும். "இன்ஜினை ஷெட்டுக்கு வெளியே நிறுத்துங்கப்பா" என்று அவரை வராந்தா பெஞ்சுக்குத் துரத்திவிட்டார்கள். ஒடுக்கமான பெஞ்சு. சுவரைப் பார்த்து ஒருக்களித்தால்தான் கீழே விழாமல் படுக்கலாம். வருடக்கணக்கில் அப்படித்தான் படுத்தார்.

மனிதனை வராந்தாவில் போடுவது அநியாயம் என்று சங்கத்தார் நிர்வாகத்தோடு சண்டை போட்டு அவருக்கும் ஓய்வறையில் ஒரு கட்டில் வாங்கினார்கள். நியாயமான சண்டை. அதே சமயத்தில் வீட்டில் மகள், அதுவரை மூவரும் நெருக்கி ஒருக்களித்துப் படுத்த அறையில், தன் முதல் சம்பளத்தில் அகலமான மெத்தை வாங்கிப் போட்டு, அம்மாவோடு கூடத்துக்கு மாறிக்கொண்டாள். "அப்பா காலை நீட்டி நிம்மதியா தூங்கட்டும்."

அவர் மல்லாந்து, கைகால் பரப்பித் தூங்கினார். அதற்குப் பிறகுதான் சிக்னலில் கண் அசந்தார். பச்சை விழுந்து, பின்னால் வண்டிகள் அலறி, நடத்துநர் ஓடிவந்து தோளை உலுக்க வேண்டியிருந்தது.

"என்னய்யா, சரக்கா?" என்றார் மேலாளர்.

"தொட்டதே இல்ல சார்."

"தொடாதவன் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குவானா?"

ஊதச் சொல்லிச் சோதிக்கும் கருவி மேலாளரின் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தீர்ப்புதான் முதலில் வந்தது: விசாரணை முடியும்வரை பேருந்து கழுவ வேண்டும்.

ஞாயிறு மதியம் வீட்டில் அவர் தூங்கும்போது மகள் கைப்பேசியில் வீடியோ எடுத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சிரித்த முகங்களாக வந்து குவிந்தன. நர்ஸ் வேலை பார்க்கும் அத்தையிடமிருந்து மட்டும் அழைப்பு வந்தது.

"சிரிப்பை நிறுத்திட்டு அதை மறுபடி பாருடி."

அம்மாவும் மகளும் பார்த்தார்கள். குறட்டை ஏறுகிறது. "அம்மா, லோடு லாரி மேட்டுல ஏறுது" என்கிறது மகளின் குரல். சட்டென்று நிசப்தம். "ஆஃப் ஆயிடுச்சு" என்று அம்மா சிரிக்கிறாள். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது. காற்று உள்ளே போகவில்லை. உதடு கருக்கிறது. சிரிப்பு ஓயவில்லை. கடைசியில், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் போல ஒரு பெரிய இழுப்பு.

"மூச்சு நின்னிருக்குடி" என்றாள் அம்மா. "நான் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

குறட்டை என்றால் அசந்த தூக்கம் என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாம் எல்லோரும்தான்.

உடம்பில் ஒயர்கள் ஒட்டித் தூங்கவைத்துச் சோதித்த மருத்துவர் சொன்னார்: "இது தூக்கத்துல வர்ற மூச்சடைப்பு. மல்லாந்தா நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால சரிஞ்சு வழியை அடைக்குது. உங்களுக்கு ஒருக்களிச்சா ரொம்பக் குறையுது. எல்லாருக்கும் அப்படிக் குறையாது. உங்களுக்குமே அது மட்டும் போதாது, தூங்கும்போது காத்தை உள்ள தள்ளுற மாஸ்க் மெஷினும் வேணும்."

"அதான் பெஞ்சுல நல்லா தூங்கினேன் போல" என்றார் இன்ஜின்.

விசாரணையில் அந்த வீடியோவைக் காட்டினார். மனைவி சிரித்த அதே இடத்தில் மேலாளரும் சிரித்தார்.

"சார், அங்க நான் மூச்சு விடல."

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும், சிகிச்சை பலித்ததாக மருத்துவர் சொல்லும்வரை மாதக்கணக்கில் இன்ஜின் பேருந்து கழுவினார். கழுவுகிறவனுக்குப் பாதிச் சம்பளம். ஓய்வறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அவர் மறுபடி பேருந்தில் ஏறிய வாரம், மேலாளர் ஓய்வறைக்கு வந்து கேட்டார்: "வேற யாருக்கெல்லாம்ப்பா குறட்டை? சொன்னா சோதனைக்கு அனுப்புறேன்."

ஒரு கையும் உயரவில்லை.

அன்று மதியம் இன்ஜின் தன் கட்டிலிலிருந்து எழுந்தார். எதிர்க்கட்டிலில் வாய் பிளந்து மல்லாந்து கிடந்தவரின் தோளைப் பிடித்துப் புரட்டினார்.

"எவன்டா அது?"

"நான்தான். சுவரைப் பாத்துப் படு."