பத்து மணி பி.பி.

குச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். உடம்பு அப்படி. யூனிஃபார்ம் நிற்பதற்காக இடுப்பில் இரண்டு ஊக்கு குத்தியிருப்பாள். அப்பா லாரி மெக்கானிக். மகள் நர்ஸ் ஆகப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கடைசி வருடம் எங்கள் இருவரையும் பெண்கள் அறுவைசிகிச்சை வார்டில் பயிற்சிக்குப் போட்டார்கள்.

அந்த வார்டு சிஸ்டருக்கு மூக்கு நுனியில் கோபம். "உன்னையெல்லாம் யாரு இந்தப் படிப்புல சேர்த்தா?" என்று நோயாளிகள் முன்னாலேயே கேட்பார். டீ வாங்கிவரச் சொல்வார், தன் செல்போனுக்குச் சார்ஜ் போடச் சொல்வார். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வோம். எங்கள் செய்முறைப் புத்தகங்கள் அவருடைய மேஜை இழுப்பறையில் இருந்தன. ஐம்பது வேலைக்கு ஐம்பது கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் பரீட்சை எழுத முடியாது. குச்சிக்கு ஒன்றுதான் பாக்கி, கடைசி நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலை ஆறு மணிக்கு பி.பி. ஒழுங்காகப் பார்ப்பார்கள். பத்து மணிக்கு யாரும் கட்டில் பக்கம் போவதில்லை. ஆறு மணிக்கு இருந்ததைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ மேஜையிலேயே எழுதிவிடுவார்கள். "நாற்காலி பி.பி." என்று நாங்கள் சிரிப்போம். சிரிக்கிற விஷயமா அது?

வியாழக்கிழமை இருபத்துநான்கு கட்டிலையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என்ன தோன்றியதோ, குச்சி கருவியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஏழாம் கட்டிலில் ஒரு தையற்காரம்மா. முந்தின நாள்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள்.

"கண்ணு, ஒரு மாதிரியா வருது," என்றார்.

பி.பி. தொண்ணூறுக்கு அறுபது என்று இறங்கியிருந்தது. நாடி நூற்றிருபதுக்கு ஏறியிருந்தது. குச்சி ஓடிவந்து சொன்னாள். சிஸ்டர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

"காலையில எவ்வளவு?"

"நூத்திப்பத்துக்கு எழுபது, சிஸ்டர். ஆனா இப்ப..."

"அதையே போடு. உனக்கு பி.பி. பார்க்கவே தெரியலைன்னு காலேஜுக்கு எழுதிக் குடுக்கட்டுமா?"

குச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நூற்றிப்பத்துக்கு எழுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்குத் தையற்காரம்மா மயங்கினார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. டாக்டர் தாளைப் புரட்டினார்.

"பத்து மணிக்கு நல்லாத்தானே இருந்திருக்காங்க. யாரு பார்த்தது?"

"ஸ்டூடண்ட், டாக்டர்," என்று சிஸ்டர் கைகழுவிவிட்டார்.

தையற்காரம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனதும் சிஸ்டர் இழுப்பறையைத் திறந்து, குச்சியின் ஐம்பதாவது கையெழுத்தைப் போட்டார். கேட்காமலே. "வாயைத் திறக்காத, போ," என்று புத்தகத்தைக் கையில் திணித்தார்.

தியேட்டர் வாசலில் அந்த அம்மாவின் கணவர், மனைவியின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீதானேம்மா கையில பட்டை கட்டிப் பார்த்தே? நல்லா இருந்துச்சுங்கறாங்களே. எவ்வளவு இருந்துச்சு?"

நான் குச்சியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

"தொண்ணூறுங்க. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

மூன்றாம் நாள் அந்த அம்மா இறந்துபோனார். விசாரணையில், தான் எதுவும் சொல்லவில்லை என்றார் சிஸ்டர். என்னைக் கேட்டார்கள். எனக்கும் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. காதில் விழவில்லை என்றேன். பொய்க்கணக்கு எழுதியதற்காகக் குச்சியைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். பெட்டியைத் தூக்கிப்போக அவள் அப்பா வந்தார். கிரீஸ் கறை போகாத கையால் எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

நான் நர்ஸாகிப் பதினோரு வருடம் ஆகிறது. அன்று பத்து மணிக்கு என் பங்குக்கு வந்த பன்னிரண்டு கட்டிலுக்கும் மேஜையில் உட்கார்ந்தபடியே எழுதினேன். அதைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை.