குப்பைப் பையோடு வந்த ஓட்டுகள்

சூலுவானின் பெயர் அட்டையில் ‘செயல் இயக்குநர், மழைச்சாரல் இளையோர் கலைக்கூடம்’ என்று இருந்தது. கழிப்பறை அடைத்துக்கொண்டால் குச்சியோடு போவதும் இந்த இயக்குநர்தான் என்பதை அச்சடிக்க இடம் போதவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் கீலுங் துறைமுகத்தில் ஒரு மீன் உருண்டைக் கடையில் வேலை பார்த்தாள். பிள்ளைகளுக்கு இலவசமாக வயலின் சொல்லிக்கொடுக்கிற ஜியென் வாத்தியார், பிள்ளைகளின் இசை முகாமுக்கு முப்பது உருண்டை என்று எழுதவேண்டிய இடத்தில் முப்பது கிலோ என்று எழுதி அனுப்பிவிட்டார். மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தவள் அவருடைய மேசையைப் பார்த்தாள். விண்ணப்பங்களுக்கு நடுவில் பாதி கடித்த பன் ஒன்று காய்ந்து கிடந்தது. “ஐயோ சார், இது என்ன கோலம்?” என்று உட்கார்ந்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

கவலைப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வயலின் கம்பி அறுந்து கண்ணில் பட்டுவிடுமோ, படியில் யாராவது வழுக்கிவிடுவார்களோ, வாத்தியார் சனிக்கிழமையை ஞாயிறு என்று நினைத்துத் தூங்கிவிடுவாரோ. நடக்காத கவலைகளுக்கு மத்தியில் அந்தச் சனிக்கிழமை நிஜக் கவலை ஒன்று வந்து சேர்ந்தது.

கூடம் வட்டத்துக்குச் சொந்தம். அதை முதியோர் கரோக்கே சங்கத்துக்குக் கொடுக்கச் சொல்லி சங்கத் தலைவர் பாங் மனுப் போட்டிருந்தார். வட்டத் தலைவி தோங் அம்மா ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தாள். குறைந்தது நாற்பது வீடுகளிலிருந்து ஆள் வரவேண்டும். வந்தால் கை தூக்கி வீட்டுக்கு ஒரு ஓட்டு. வராவிட்டால் கூடம் பாங்குக்கு.

சூலுவான் மலைச்சரிவின் நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி இறங்கி வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்திருந்தாள். ஐந்தேகாலுக்கு வந்திருந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் பாங்கின் ஆட்கள். பாங் தன் சின்ன நீல லாரியில் ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

“என்னண்ணே, இப்பவே குடி வந்துட்டீங்க?” என்றாள் சூலுவான்.

“மழை வர்ற மாதிரி இருக்கும்மா. நனையாம இறக்கிடலாமேன்னுதான்.”

தோங் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். “பிள்ளைங்க வாசிக்கிறதுன்னா வாசிக்கட்டும் வாத்தியாரே. ஆள் வர்ற வரைக்கும்.”

எட்டுப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். முதல் வயலின் யூதாங் என்கிற பதின்மூன்று வயதுப் பெண். மூன்று மாதமாகப் பழகிய கடினமான உருப்படியின் தாளைத் திறந்தாள். துறைமுகத்துக் காற்று ஜன்னல் வழியாக வந்து எட்டுத் தாளையும் அள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டது.

“வாத்தியாரே, தாள்!”

“பரவால்ல, பரவால்ல. தாள் இல்லாம தெரிஞ்சது எதையாவது வாசிங்க!”

பிறந்த நாளிலிருந்து வாரம் ஐந்து நாள் கேட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் எட்டுப் பேரும் வாசிக்கக்கூடிய மெட்டு ஒன்றே ஒன்றுதான். குப்பை வண்டியின் பாட்டு. அது கேட்டதும் அவரவர் பையோடு ஓடிவந்து வண்டியில் போட்டாக வேண்டும், வண்டி யாருக்கும் காத்திருக்காது. எட்டு வயலினும் சேர்ந்து பிசகில்லாமல் ஆரம்பித்தன. ஜியென் வாத்தியாருக்குக் கண் கலங்கியது. இவ்வளவு சேர்ந்து அவர்கள் எதையும் வாசித்ததில்லை.

மலை முழுக்கக் கதவுகள் திறந்தன.

“இன்னிக்கு என்ன சீக்கிரம் வந்துட்டான்!”

“ஏய், நாறக்கூடாதுன்னு ஃப்ரீசர்ல வச்ச மீன் தலை இருக்கு, எடு எடு!”

செருப்பு மாட்டாத காலும், தலையில் முடி சுருட்டும் கிளிப்பும், இரண்டு கையிலும் பையுமாகச் சனம் படியில் உருண்டு வந்தது. கீழே வந்து பார்த்தால் வண்டி இல்லை. மழை மட்டும் பிடித்துக்கொண்டது.

“உள்ள வாங்க, உள்ள வாங்க, நனையாதீங்க!” சூலுவான் கதவை விரியத் திறந்தாள்.

“நீங்கதான் வாசிச்சீங்களா? அறிவிருக்கா?” என்றார் வழுக்கை விழுந்த ஒருவர்.

“நிஜ வண்டி வர இன்னும் இருபது நிமிஷம் இருக்கு,” என்றாள் தோங் அம்மா. “மேல ஏறி மறுபடி இறங்குறதுக்கு இங்கயே உட்காருங்க. வந்திருக்கிறது மொத்தம் ஐம்பத்து மூணு வீடு. கூட்டம் செல்லும்.”

பாங் துள்ளினார். “இவங்க கூட்டத்துக்கு வரல, குப்பை போட வந்தாங்க!”

“எதுக்கு வந்தாங்கன்னு விதியில கேக்கலையே.”

இருபது நிமிஷமும் இரண்டு கட்சியும் மாறி மாறிப் பேசின. கடைசியில் கலைக்கூடத்துக்கு ஆதரவு கேட்டபோது, மீன் தண்ணீர் சொட்டுகிற பையைத் தரையில் வைக்க மனமில்லாமல் பையோடேயே கையைத் தூக்கினார்கள். தோங் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். அடுத்து பாங்குக்கு எண்ண ஆரம்பித்தபோது மறுபடியும் அதே பாட்டு.

“நிறுத்துங்கடா! எண்ணிக்கிட்டிருக்கேன்ல!”

“தலைவரம்மா,” என்றாள் யூதாங், வில்லைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, “நாங்க வாசிக்கல.”

எல்லோரும் வாசலுக்கு ஓடியபோது மஞ்சள் வண்டி நிற்காமல் வளைவில் திரும்பி மறைந்துகொண்டிருந்தது.

“இருபத்தேழு, மிச்சம் இருபத்தாறு,” என்று அவசரமாக அறிவித்தாள் தோங் அம்மா. “கூடம் பிள்ளைங்களுக்கே.”

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் சூலுவானைப் பார்த்தார்கள்.

“இதை மறுபடி மேல தூக்கிட்டுப் போகச் சொல்றியா?” என்று இரண்டு கையிலும் பையோடு நின்ற லோ அத்தை கேட்டாள். “அப்படின்னா என் ஓட்டைத் திருப்பிக் கொடு.”

“வேணாம் அத்தை! எல்லாத்தையும் நானே கொண்டு போறேன். அடுத்த நிறுத்தத்துல பிடிச்சிடலாம்.” எதில் என்று அவள் யோசிக்கவில்லை. கூட்டம் யோசித்தது. ஐம்பது தலை நீல லாரிப் பக்கம் திரும்பியது.

“முடியாது,” என்றார் பாங். “ஸ்பீக்கர் இருக்கு.”

“சரி, உங்க வீட்டு வாசல்ல வச்சுட்டுப் போறோம்,” என்றார் வழுக்கை ஆசாமி.

ஐந்தாவது நிமிஷம் ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் மலையளவு பைகள் ஏறின. பாங் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினார். பக்கத்தில் சூலுவான், மடியில் மீன் தலை வாளி. கூடம் பிழைத்துவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாளியைக் கட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

“ஒண்ணு கேக்கணும்மா,” என்றார் பாங், முன்னால் தெரிந்த மஞ்சள் வண்டியை விரட்டிக்கொண்டே. “லோ அக்கா உனக்குத்தானே ரெண்டு கையையும் தூக்கினா? கைக்கொரு பை வேற. தோங் அம்மா அதை ஒண்ணுன்னு எண்ணினாங்களா, ரெண்டுன்னா?”

சூலுவான் சிரிப்பை விட்டுக் கணக்குப் போட்டாள். இருபத்தேழு, இருபத்தாறு. வாளியிலிருந்து ஒரு மீன் அவளையே பார்த்தது.

“அண்ணே,” என்றாள், “ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க.”