பஸ்ஸைப் பற்றி மட்டும் சொன்னேன்

என் தங்கையின் கணவர் சுவிட்சர்லாந்தில் பஸ் ஓட்டினார். சாதாரண பஸ் இல்லை. ஒன்றோடொன்று கோத்த மூன்று பெட்டிகள், இடையில் இரண்டு இடத்தில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு, கூரையின்மேல் இரண்டு நீளக் கொம்புகள். அந்தக் கொம்புகள் தெருவுக்கு மேலே இழுத்துக் கட்டிய மின்கம்பிகளைத் தொட்டபடி போகும். புகையும் கிடையாது, இரைச்சலும் கிடையாது. அதில் நான் ஏறிப் போயிருக்கிறேன். ரங்கூன் திரும்பியதும் அதைப் பற்றிப் பல மாதம் பேசினேன். அவ்வளவு பேசியதன் காரணத்தை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

மாப்பிள்ளையைத் தங்கைக்குப் பார்த்துக் கட்டி வைத்தவனே நான்தான். நான் அரசாங்க பஸ் பணிமனையில் இஞ்சினியர், அவர் அங்கே ஓட்டுநர். வண்டியை அடித்து ஓட்டமாட்டார். நான் பார்த்துப் பிரேக்கை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். அது போதும் என்று நினைத்தேன். எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சிக்கு எதிராக ஊர்வலங்கள் வந்தபோது சீருடையைக்கூடக் கழற்றாமல் அவரும் நடந்தார். பிறகு ராணுவம் ஆட்களைத் தேடத் தொடங்கியது. அவர் தாய்லாந்து எல்லைப் பக்கம் போனார், அங்கிருந்து எப்படியோ சூரிச் நகரம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

தங்கை ரங்கூனில் லத்தா என்ற பேட்டையில் மூன்றாவது மாடியில் ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். எங்கள் ஊரில் மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேலே மணி, கீழே ஒரு கிளிப். பேப்பர்காரன் பேப்பரை மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும். தங்கையிடம் போன் கிடையாது. கீழே கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடைக்காரர் பாயிடம்தான் போன். மாப்பிள்ளையின் அழைப்பு வந்தால் பாய் மணிக்கயிற்றைப் பிடித்து உலுக்குவார். தங்கை கையில் ஊசி நூலோடு படியிறங்கி ஓடுவாள்.

முதலில் ராத்திரியில் பஸ் கழுவுகிறேன் என்றார். சில வருஷம் கழித்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன் என்றார். கடைசியில் கம்பி பஸ். அவளை எப்போது கூப்பிடுவீர்கள் என்ற கேள்விக்கு ஒரே பதில்: "பேப்பர் நடக்குது." விசாப் பேப்பரைச் சொல்கிறார். அப்புறம், தங்கை வீட்டுக்கு நான் வந்திருக்கும் நாளானால், போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார். என்னோடு வண்டி பேசுவார். எத்தனை அச்சு, எந்த அச்சுக்கு மோட்டார், கம்பியிலிருந்து கொம்பு நழுவினால் என்ன செய்வது. யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனிலும் கம்பி பஸ் ஓடியதாக என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனாலோ என்னவோ அந்தப் பேச்சு எனக்கு வெல்லமாக இனித்தது. தங்கை பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது பெரும்பாலும் இணைப்பு அறுந்திருக்கும்.

இப்படியே இருபது வருஷம் ஓடியது.

கடைசி இரண்டு மூன்று வருஷத்தில் ஒருவர் தங்கை வீட்டுக்குத் துணி கொண்டுவரத் தொடங்கினார். பஸ் லைன் ஆபீசில் வண்டிகளுக்கு நேரம் குறித்து அனுப்புகிறவர், பர்மியர், மனைவியை இழந்தவர். அவரை நேரக்காரர் என்போம். ஒரு நாள் கழுத்துப்பட்டி பிய்ந்துவிட்டது என்று வந்தார். மறுவாரம் பட்டன்.

"நானும் முப்பது வருஷமா சட்டை போடுறேன்," என்றார் பாய், தெருவுக்கே கேட்கும்படி. "இந்த மனுசன் சட்டையில மட்டும் வாராவாரம் பட்டன் எப்படித்தான் அறுந்து விழுதோ! கடையில தார்ப்பாய்த் துணி இருக்கு, அதுல தைச்சுக் குடும்மா, அறுந்து போகாது."

நேரக்காரருக்குத் தமிழ் புரியாது. தங்கை சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் பர்மாவில் பெரும்புயல் வந்ததற்கு அடுத்த வருஷம் மாப்பிள்ளை என்னை அழைத்தார். டிக்கெட்டும் விசாவுக்கான அழைப்பும் எனக்கு மட்டும். தங்கை கோபப்படவில்லை. என் பெட்டியில் கம்பளிச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அண்ணே, அவர் மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க. கூப்பிடுவாரா, மாட்டாரா. மாட்டார்னா மாட்டார்னு வந்து சொல்லுங்க. நான் அழமாட்டேன். இவருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லணும், அதுக்குத்தான்."

இவர் என்றது நேரக்காரரை.

சூரிச்சில் இறங்கிய மறுநாளே மாப்பிள்ளை என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். முதல் இருக்கை. எங்கள் ஊரில் ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த வண்டிகள்தான் பஸ். ஜப்பானில் இடப்பக்கம் போக்குவரத்து, எங்கள் ஊரில் வலப்பக்கம். வலப்பக்கத் தகட்டை வெட்டிப் புதிதாகக் கதவு வைக்க வேண்டும். வெட்டாத வண்டியில் ஜனங்கள் நடுரோட்டில் இறங்குவார்கள். அத்தனை வருஷம் அதைச் செய்தவன் நான். சூரிச்சிலோ வண்டியின் நீளம் முழுக்கக் கதவுகள். எல்லாம் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. வளைவில் திரும்பியபோது நான் பின்னால் பார்த்தேன். இரண்டாவது பெட்டி எங்கள் பின்னால் வந்தது. மூன்றாவது அதே தடத்தில் பிசகாமல் அதன் பின்னால் வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

கடைசி நிறுத்தத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. கூட ஒரு சிறுமி. கதவு திறந்ததும் சிறுமி உள்ளே ஓடிவந்து "அப்பா" என்றாள்.

"ரங்கூன்ல எனக்கு அண்ணன் மாதிரி," என்று மாப்பிள்ளை என்னை அந்தப் பெண்ணுக்கு அறிமுகப்படுத்தினார்.

"வாங்கோ அண்ணை," என்றாள். இலங்கைப் பெண். "குளிர் ஒத்துக்கொள்ளுதோ? இரவு வீட்டை வாங்கோ, புட்டு அவிச்சு வைக்கிறன்." நல்ல முகம். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது பார்த்த உடனே தெரிந்தது.

அவர்கள் போன பிறகு வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். மாப்பிள்ளை முன்கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார்.

"மச்சான், நீங்களே உங்க தங்கச்சிகிட்ட பக்குவமாச் சொல்லிடுங்க. எனக்கு வாய் வரலை. அடுத்த தடவை, அடுத்த தடவைன்னு தள்ளிட்டே வந்துட்டேன்." பிறகு மூச்சு விடாமல், "உங்க பையனை நான் இங்க கூப்பிட்டுக்கறேன். ஓட்டல் படிப்பு நல்லாயிருக்கு. என் பொறுப்பு," என்றார்.

நான் அவரை அடித்திருக்க வேண்டும். திட்டவாவது செய்திருக்க வேண்டும். நான் கேட்டது இது: "கடைசி அச்சுச் சக்கரமும் திரும்புமா மாப்பிள்ளை?"

அவர் முகம் தெளிந்தது. "திரும்பும் மச்சான். அதனாலதான் பின்னாடி அகட்டாம வருது," என்று கையால் காட்டி விளக்கினார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மிங்கலாடோன் விமான நிலையத்தில் தங்கை காத்திருந்தாள். டாக்சியில் ஏறியதும், "எப்படி இருக்கார்?" என்றாள். "நல்லாயிருக்கார். அந்த பஸ் இருக்கே," என்று ஆரம்பித்தேன். லத்தா வரும்வரை நிறுத்தவில்லை. வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். பாயும் கடையை மூடிவிட்டு வந்தார். நான் மூன்று தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து வளைத்துக் காட்டினேன்.

"ஸ்பேர் எத்தனை பேரு?" என்று பாய் கேட்டார். ரங்கூனில் பஸ் நடத்துனரை ஸ்பேர் என்போம்.

"ஸ்பேரே இல்லை பாய்."

"அப்ப யாரு கதவுல தொங்கிக்கிட்டுக் கூவுறது?"

"யாரும் கூவமாட்டாங்க. டிக்கெட்டை ஜனங்களே வாங்கிக்குவாங்க."

"அவங்களேவா! சரி, கரண்டு போச்சுன்னா?"

"அங்க கரண்டு போகாது."

"நம்ம ஊர்ல விட்டா, திங்கக்கிழமை ஏறினவன் புதன்கிழமைதான் இறங்குவான்," என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. டீக்கோப்பைகளை எடுத்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போன பிறகு, "கேட்டீங்களா?" என்றாள்.

"பேப்பர் நடக்குது," என்றேன்.

அவருடைய அதே வார்த்தை. என் வாயில் அது எவ்வளவு எளிதாக வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் கணக்கு இதுதான்: இப்போது சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் என் பையனின் காரியம் கெடும். பையன் போய்ச் சேரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். இருபது வருஷம் இருந்தவளுக்கு இன்னும் ஒரு வருஷம் என்ன. அப்படித்தான் நினைத்தேன். வேறு மாதிரி நினைத்ததாக இங்கே எழுத முடியாது.

ஒரு வாரத்தில் நேரக்காரர் என் வீட்டுக்கே வந்தார். கையில் கமலாப்பழப் பை. சட்டையில் எல்லாப் பட்டனும் இருந்தன. தரையில் காலை மடித்து உட்கார்ந்து பர்மியில் பேசினார்.

"அகோஜீ," என்றார். பெரிய அண்ணன் என்று பொருள். "அவங்க என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. அண்ணன் சொன்னதுதான் முடிவுன்னு இருக்காங்க. வீட்டுக்காரர் கூப்பிடுறார்னா நான் குறுக்கே நிக்கமாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கூப்பிடுறாரா?"

"கூப்பிடுறார்," என்றேன். "சீக்கிரமே போயிடுவா."

அவர் தலையாட்டினார். நன்றி சொன்னார். பழப்பையை வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு மாவ்பியில் இருந்த தம்பியின் தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு விதவையைக் கட்டிக்கொண்டதாகப் பாய்க்குத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட அன்று தங்கை வழக்கம்போல் மெஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள்.

பையன் விஷயம் என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பருவம் என்றார் மாப்பிள்ளை. பிறகு சட்டம் மாறிவிட்டது என்றார். பிறகு நான் கூப்பிட்டால் அந்தப் பெண் எடுத்து, "அவர் வேலையில அண்ணை," என்றாள். பிறகு யாரும் எடுக்கவில்லை. பையன் மலேசியாவுக்குக் கூலி வேலைக்குப் போனான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் பொறுக்கி எடுத்த மாப்பிள்ளை, நான் வேலை சொல்லிக் கொடுத்த ஆள், என்னையே ஏமாற்றிவிட்டான். அந்த ஆத்திரத்தோடுதான் லத்தாவுக்குப் போய் மூன்று மாடி ஏறினேன். தங்கைக்கு நியாயம் செய்யவேண்டும் என்று ஏறவில்லை. அவனைக் காட்டிக்கொடுக்க ஏறினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண், சிறுமி, சாப்பாட்டுப் பை. துரோகி என்றேன். உன் வாழ்க்கையைப் பாழாக்கிவிட்டான் என்றேன். தங்கை மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். ரவிக்கையின் ஒரு கை முடிந்ததும் நூலைக் கடித்து அறுத்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போனப்பவே."

"நேரக்காரர் உங்களைப் பார்க்க வந்தாரே. அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் என் வீட்டுக்கு வந்தது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லுங்க அண்ணே."

"கூப்பிடுறார்னு சொன்னேன்."

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "அவர் கூப்பிடமாட்டார்னு எனக்கு எப்பவோ தோணிப்போச்சு. ஒருத்தர் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லணும்னுதான் உங்களை அனுப்பினேன். அவர் அங்க இருந்துக்கிட்டுப் பொய் சொன்னார். நீங்க என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே சொன்னீங்க."

அவள் அழவில்லை. அழமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

மறுவாரம் போனேன். கதவைத் திறந்தாள். "தைங் பா, ஷின்," என்றாள். உட்காருங்கள் என்று பர்மியில், துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லும் மரியாதையோடு. பிறந்ததிலிருந்து நாங்கள் இருவரும் தமிழில்தான் பேசி வந்தோம். அன்று நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பர்மியில் பதில் சொன்னாள். அண்ணே என்று ஒரு தடவையும் வரவில்லை. கோபம் தணிந்தால் மாறும் என்று நினைத்தேன். வருஷங்கள் போய்விட்டன. இப்போதும் மாதம் ஒரு முறை அந்த மாடிப்படி ஏறுகிறேன். முழங்கால் வலிக்கிறது. அவள் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறாள், டீ கொடுக்கிறாள், உடம்பு எப்படியிருக்கிறது என்று பர்மியில் விசாரிக்கிறாள். நானும் இப்போது பர்மியிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.